ஆக்கள் வராத மாதம்

பக்கத்து வீட்டு அன்ரிக்கு அடுத்தவர்களுக்காக வெட்கப்படுவதுதான் பெரிய வேலை. ஊரில் யாருக்கு வாய் தடுமாறினாலும், யாருக்குச் சேலைக் கொய்யகம் அவிழ்ந்தாலும் காது சிவப்பது இவருக்குத்தான். ஒருநாள் பலாலி வீதியால் போகும் பஸ்ஸில் ஒரு கிழவர் நித்திரை தூங்கி, வாயைத் திறந்தபடி பக்கத்திலிருந்த கம்பஸ் பெட்டையின் தோளில் சாய்ந்துவிட்டார். சுற்றி நின்ற பெட்டையள் எல்லாம் கைபேசியை எடுத்துவிட்டார்கள். என்னோடு இருந்த அன்ரி விறுக்கென்று எழும்பிப் போய், "தம்பி, உந்த யன்னலைச் சாத்தும், காத்துக் காதுக்கை அடிக்குது" என்று யாரையோ பார்த்துப் பெரிய சத்தமாகச் சொன்னார். கிழவர் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்ரி திரும்பி வந்து என் காதுக்குள், "ஆக்கள் பாக்கினம் பிள்ளை. எனக்கெல்லே வெக்கமாக் கிடக்கு" என்றார்.

அவர் போகும் சேர்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகருக்குப் பிரசங்கம் நடுவில் மறந்து போய்விட்டதாம். தாளைப் புரட்டுகிறார், விட்ட இடம் பிடிபடவில்லை. உடனே அன்ரிக்கு ஒரு இருமல் வந்தது. இருமல் என்றால் தண்ணீர் கொண்டுவா, விசிறு என்று முழுச் சேர்ச்சும் திரும்பிப் பார்க்கிற இருமல். போதகர் தாளைக் கண்டுபிடித்ததும் அதுவும் நின்றுவிட்டது. இதை எனக்குச் சொன்னது அந்தப் போதகரேதான்.

எங்கள் புதுவீட்டுக் குடிபூரலுக்கு என் கணவரின் தம்பி நல்ல குடிவெறியில் வந்து சேர்ந்தான். ஐயர் இன்னும் போகவில்லை. இவன் வாசலில் நின்று பாட்டுப் பாடத் தொடங்குகிறான். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அன்ரி குடையை விரித்துக்கொண்டு அவனிடம் போய், "தம்பி, எனக்குத் தலை சுத்துது, என்னை வீட்டை கொண்டுபோய் விடும்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவனும் பெரிய மனிதன் மாதிரி அவரைத் தாங்கிக்கொண்டு போனான். பிறகு அவர் வீட்டு விறாந்தையில் விழுந்து பொழுதுபடும் வரை படுத்தான். ஊர்ச் சனம் அதற்குப் பிறகு கொஞ்ச நாளாக அன்ரியின் தலைச்சுற்றைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவரைப் பற்றி எழுதச் சந்தோசமாக அல்லவா இருக்க வேண்டும்? எனக்கு எழுதத் தொடங்கியதிலிருந்து கூசிக்கொண்டே இருக்கிறது. அன்ரி இப்போது கனடாவில் மகனோடு இருக்கிறார். அந்த வீட்டை வாங்கியவர்கள் முன்வளவு முழுக்கக் கல் பதித்துவிட்டார்கள்.

அந்த முன்வளவில்தான் அவருடைய புல்லுத்தரை இருந்தது. அவர் அதை இங்கிலீசில் 'லோன்' என்பார். நாங்கள் வெங்காயம் செய்கிற சைவக் குடும்பம், அவர்கள் பரம்பரையாக மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த வேதக்காரக் குடும்பம். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு மதில். கிணற்றடியில் மட்டும் மதில் விட்டுப் போயிருக்கும், கிணறு இரு வீட்டுக்கும் பங்கு. கணவர் இறந்து அவர் தனித்துப்போன வருடம், தாய் பொழுதுபோகாமல் இருக்கக் கூடாதென்று மகன் கனடாவிலிருந்தபடியே ஏற்பாடு செய்து அந்தப் புல்லை இறக்கினான். கொழும்பிலிருந்து பாய் பாயாகச் சுருட்டி லொறியில் வந்தது. பார்க்கப் போன என் மாமியார், "மாடு கட்டாமல் புல்லு வளக்கினமாம்" என்று ஊரெல்லாம் சொன்னார்.

மாமியார் சிரித்தாலும் ஊர் சிரிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் படமெடுக்கப் பச்சையாக ஒரு இடம் வேண்டும். கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தார்கள். அன்ரி யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. ட்ரோன் மேலே சுற்றும்போது எங்கள் வெங்காயக் கொட்டிலும் படத்துக்குள் விழுமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்படுவார்.

புல்லுக்கு உரம் போட வேண்டுமென்று யாருக்கும் முதலில் தோன்றவில்லை. அது மஞ்சளடிக்கத் தொடங்கிய பிறகு என் கணவர்தான் எங்கள் மூட்டையிலிருந்து கொஞ்சம் யூரியா அள்ளிக் கொடுத்தார். அன்ரி அதைத் தையில் போட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு கலியாணம். மாப்பிள்ளை பகுதியில் வந்த ஒருவர் சப்பாத்தைக் கழற்றிப் புல்லில் காலாற நடந்தவர், குனிந்து ஒரு வெள்ளைக் குறுணியைக் கையிலெடுத்துப் பார்த்தார். "உதென்ன, யூரியாவோ? இவையள் எங்களை வெங்காயத் தோட்டத்துக்கையோ கூப்பிட்டவை?" என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். நாலுபேர் சிரித்தார்கள். அந்த மனிதருக்கு அடுத்த நிமிடமே மறந்திருக்கும்.

அன்ரிக்கு மறக்கவில்லை. அன்றோடு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். உரம் என்பது ஆக்கள் வராத மாதத்தில் போடுகிற சாமான். கலியாணம் நடக்காத மாதங்கள் எவை? ஆடியும் மார்கழியும். ஆகவே ஆடியில் ஒரு தரம், மார்கழியில் ஒரு தரம். உள்பாவாடையைக் கொடியில் காயப்போட்டால் மேலே துவாய் போட்டு மறைக்கிறவர் அவர். அதே மாதிரித்தான் இதையும் நினைத்தார்.

எங்கள் வெங்காயத்துக்கு நோய் பார்க்க விவசாயக் கந்தோரிலிருந்து வந்த போதனாசிரியரை ஒருநாள் மதிலுக்கு அந்தப்பக்கமும் கூட்டிப் போனோம். அவர் புல்லைக் கையால் அளைந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அம்மா, இது சூட்டுப் பக்கத்துப் புல்லு. வளருற நேரம் பாத்துத்தான் குடுக்க வேணும். மாரி துடங்கி, மண் ஊறி, புதுக் குருத்து விடேக்கை கொஞ்சம். மாரி விட்டாப் பிறகு, தையிலை வெயில் ஏறேக்கை இன்னுங் கொஞ்சம். போட்டாத் தண்ணி விட வேணும். மார்கழி மழைக்கு முன்னாலை போட்டால் அவ்வளவும் கழுவிக்கொண்டு கிணத்துக்குத்தான் போகும். ஆடி வெயிலுக்கை போட்டால் புல்லுப் பொசுங்கிப் போம்."

"ஐப்பசியிலை சாமத்திய வீடு இருக்குத் தம்பி. தையிலை எல்லாம் கலியாணம்."

"அதுக்கென்னம்மா? போட்டுத் தண்ணி விட்டால் அடுத்த நாளே ஒண்டும் தெரியாது."

"தெரியாதெண்டு நீங்கள் சொல்லுறியள்" என்றார் அன்ரி. "ஆக்கள் குனிஞ்சு பாப்பினம்."

போதனாசிரியர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மதிலுக்கு மேலால் எங்கள் வெங்காயத்தைப் பார்த்தார். நான் அன்ரி கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

அடுத்த மாரிக்கு என் தங்கை பிள்ளைப்பேற்றுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்களுக்குத் தாய் இல்லை, அதனால் அவளுக்கு என் வீடுதான் தாய்வீடு. கார்த்திகையில் பிள்ளை பிறந்த பிறகு சுகாதாரப் பகுதியினர் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் போனார்கள். திரும்பி வந்து, "தண்ணியிலை உரம் கூடிப்போச்சு. கைக்குழந்தைக்குக் காய்ச்சியும் குடுக்காதையுங்கோ, காய்ச்சினாலும் அது போகாது" என்றார்கள். அன்ரி கிணற்றடியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் கணவர் உள்ளதைச் சொன்னார். "அன்ரி, உங்கடை ஒரு பிடி உரத்தாலை இது வரேல்லை. எங்கடை வெங்காயத்துக்குப் போட்டதுதான் கூட. சுத்திவர எல்லாற்றை தோட்டத்துத் தண்ணியும் உதுக்கைதான் இறங்குது."

"உங்களுக்கு அது சீவியம், தம்பி. எனக்கு இது சோக்கு" என்றார் அன்ரி. "என்ரை புல்லுத் திண்ட மிச்சத்தையோ அந்தப் பச்சைமண்ணுக்குக் குடுக்கிறது?"

மறுநாள் காலையிலிருந்து சேர்ச் வளவுக் குழாயில் தண்ணீர்க் கான் நிரப்பி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் குசினி வாசலில் வைப்பார். மழை பெய்தாலும் வைப்பார். நாங்களே போய் எடுக்கிறோம் என்றால் கேட்கமாட்டார். எங்கள் பிழையையும் சேர்த்துத்தான் அந்தக் கரியரில் கட்டிக்கொண்டு வருகிறார் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கானை வாங்கி உள்ளே வைப்பதைத் தவிர என்ன செய்வதென்று தெரியவில்லை. இனி மார்கழியில் ஒரு குறுணிகூடப் போடுவதில்லை என்று கிணற்றுக்கட்டில் கைவைத்து என் தங்கையிடம் சொன்னார்.

அந்த வருடந்தான் மகன் கலியாணத்துக்குச் சம்மதித்தான். வருடக்கணக்காக இழுத்தடித்தவன். பெண்ணும் கனடாவில் வளர்ந்தவள், அவளுடைய தாய் தகப்பன் அச்சுவேலிப் பக்கம். ஆவணியில் வந்து இங்கேயே கலியாணம் முடித்துக்கொண்டு போவதென்று ஏற்பாடு. அன்ரி மதிலால் எட்டி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "பிள்ளை ஒண்டே ஒண்டுதான் கேட்டவன். கலியாண ஹோல் வேண்டாமாம். 'அம்மா, விருந்தை எங்கடை லோனிலை வைப்பம்' எண்டு சொல்லுறான்." யார் யாருடைய கலியாணத்துக்கோ பச்சையாக இருந்த புல் தன் பிள்ளையின் கலியாணத்துக்கு எப்படி இருக்க வேண்டும்? அவருக்கு அதைவிட வேறு யோசனை இல்லாமல் போனது.

ஆடி பிறந்தது. சோளகக் காற்று வீசி மண்ணெல்லாம் தூளாய்ப் பறக்கிற நேரம். மார்கழியில் போடாமல் விட்ட பங்கையும் சேர்த்து அன்ரி அள்ளி வீசிவிட்டார். இரண்டு மூன்று நாளில் புல் கருகத் தொடங்கியது. கை வீசிய போக்கிலேயே, அரைவட்டம் அரைவட்டமாக, தோசைக்கல்லில் கருகின மாதிரி. என் கணவர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "அன்ரி, இப்பவே மோட்டரைப் போட்டு நல்லா வெள்ளமாத் தண்ணி விடுங்கோ. உரம் கீழை இறங்கினால் வேர் தப்பும்" என்றார்.

"கீழை எண்டால்?"

அன்ரி கிணற்றடிப் பக்கம் பார்த்தார். எங்களோடேயே தங்கிவிட்ட என் தங்கையின் பிள்ளை அங்கே சாக்கில் இருந்து ஒரு கோப்பையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப கருகட்டும்" என்றார்.

மோட்டர் போடவேயில்லை. உரக் குறுணிகளைக் கையால் பொறுக்கினார். வெயிலுக்குள் குந்தியிருந்து, சருவச்சட்டி ஒன்றில் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டார். நானும் தங்கையும் போய்க் கூடப் பொறுக்கினோம். கரைந்ததை எப்படிப் பொறுக்குவது? ஆவணி பிறந்தபோது புல்லுத்தரை சொறிபிடித்த நாய் மாதிரிக் கிடந்தது. மகன் வந்து இறங்கி, "என்னம்மா இது, தண்ணி விடேல்லையோ?" என்று கேட்டான். அன்ரி, "வெயில் கூடிப்போச்சு ராசா" என்றார். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் எங்கள் தோட்டத்துக் கதையும் வெளியில் வருமே என்று நினைத்திருப்பார்.

கலியாணத்துக்கு முதல்நாள் என் கணவரிடம் மருந்தடிக்கிற மெசினைக் கேட்டு வாங்கினார். நுளம்புக் கடிக்கு என்றார். கலியாணத்தன்று காலை நான் தண்ணி அள்ளப் போனபோது அன்ரி முதுகில் மெசினைச் சுமந்துகொண்டு புல்லுக்கு அடித்துக்கொண்டு நின்றார். புல் கிளிப்பச்சையாக மாறிக்கொண்டிருந்தது.

"அன்ரி, என்ன செய்யிறியள்?"

"சத்தம் போடாதையும். கேக்குக்குப் போடுற கலர். இஞ்சை, திருநெல்வேலிச் சந்தியிலை இருந்த கடையெல்லாத்திலையும் வாங்கினனான்." மூச்சு வாங்கினார். "பெயின்ற் எண்டால் சின்னப்பிள்ளையள் வாயிலை வைச்சிடுங்கள். இது ஒண்டும் செய்யாது. தூரத்திலை நிண்டு பாரும், தெரியுதோ?"

தெரிந்தது. "இல்லை அன்ரி, வடிவாத்தான் இருக்கு" என்றேன்.

சேர்ச்சில் கலியாணம் முடிந்து பின்னேரம் எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். காய்ந்த பிறகு உண்மையில் தூரத்துக்கு வடிவாகத்தான் இருந்தது. அச்சுவேலியிலிருந்து வாடகை வான் பிடித்து வந்த பெண் பகுதியினர், "ஆவணியிலை இப்பிடிப் புல்லோ" என்று வாயைப் பிளந்தார்கள். அன்ரிக்கு மாம்பழ நிறச் சேலையில் கால் நிலத்தில் படவில்லை. ட்ரோன் ஏறியது. பெண் வெள்ளைக் கவுனின் நீண்ட வாலை இழுத்துக்கொண்டு புல்லின் நடுவுக்கு வந்தாள். அப்போதுதான் மழை தூறியது. ஆவணியில் சும்மா ஒரு பாட்டம் பெய்து விட்டுப்போகிற மழை. யாரும் எழும்பவில்லை. பெரிய ஆசீர்வாதம் என்று கைதட்டினார்கள்.

முதலில் கவுனின் வால் பச்சையானது. பிறகு சேலைக் கரைகள். பிறகு குதிக்கால்கள், விரல் இடுக்குகள், செருப்புகள். ஓடித் திரிந்த பிள்ளைகள் முழங்கால் வரை கிளியாகிவிட்டார்கள். ஒருவர் பேரனின் காலைத் தூக்கிப் பார்த்து மணந்துகூடப் பார்த்தார். "வனிலா மணக்குது!" என்றார். கைபேசிகள் எல்லாம் கீழே குனிந்து காலைப் படமெடுத்தன. மகன் நல்ல பிள்ளை, சமாளிக்கிறேன் என்று நினைத்துத்தான் மைக்கை எடுத்தான். "மன்னிக்க வேணும், அம்மா எங்கடை புல்லுக்கும் மேக்கப் போட்டு விட்டிட்டா!"

வளவே அதிர்ந்தது. போதகரும் வாய்விட்டுச் சிரித்தார். என் கணவரின் தம்பி கண்ணில் நீர் வரச் சிரித்தான். அன்ரியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது. அந்தப் புல் ஏன் கருகியது என்று தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நாங்கள் ஒரு வீட்டுக்காரர்தான். நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் அன்ரியைக் காணவில்லை. குசினிக்குள் போயிருப்பார் என்று நினைத்தேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் வெளிக்கிடத் தொடங்கியபோது பார்த்தால், படலையடியில் ஒரு முக்காலியில் இருக்கிறார். முன்னால் பெரிய பேசினில் தண்ணீர், பக்கத்தில் சவர்க்காரம், மடியில் புதுத் துவாய். சேலையைச் செருகிக்கொண்டு, போகிறவர்களை மறித்து, "இந்தக் காலோடை எப்பிடி வாகனத்திலை ஏறுவியள்? தாருங்கோ, கழுவி விடுறன்" என்கிறார்.

முதலில் மருமகளின் காலைத்தான் பிடித்தார். அந்தப் பெண் பதறிப்போய், "மாமி, பிளீஸ், நோ, வேண்டாம்" என்று அழுதுவிட்டாள். மகன் ஓடி வந்து தோளைப் பிடித்துத் தூக்கினான்.

"அம்மா, எழும்புங்கோ. நான் பகிடிக்கெல்லே சொன்னனான். ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்" என்றார் அன்ரி. தலையை நிமிர்த்தவில்லை. "நான் செய்த வேலை. நான் கழுவுறன்."

அச்சுவேலிச் சம்பந்தி, மாப்பிள்ளையின் தாயைக் கால் கழுவ விடுவதா என்று பச்சைக் காலோடேயே தாங்கள் வந்த வானுக்கு ஓடினார். போதகர் சப்பாத்தைக் கழற்றினார். சிலர் கூச்சத்தில் நெளிந்துகொண்டு காலை நீட்டினார்கள். பலர் கிணற்றடியால் எங்கள் வளவுக்குள் புகுந்து, எங்கள் படலையால் நழுவிப் போனார்கள். என் கணவரும் தங்கையும்கூட அப்படித்தான் வீட்டுக்குப் போனார்கள். அங்கே நின்று அதைப் பார்க்க முடியவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

எனக்கும் அந்த வழி இருந்தது. போகவில்லை. வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அன்ரி என் சேலைக் கரையைப் பார்த்துத்தான் என்னை அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

"நீர் ஏன் இதாலை வாறீர்? உம்மடை வீடு உந்தப் பக்கமெல்லே?"

"வேண்டாம் அன்ரி, எழும்புங்கோ" என்றேன். மற்றவர்கள் எல்லாரும் சொன்னதையே நானும் சொன்னேன்.

"சொல்லாதையும். காலைத் தாரும்."

செருப்பைக் கழற்றி ஒரு காலை முன்னால் வைத்தேன். அவர் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். என் காலில் பச்சை இல்லை. சாயம் என்று எனக்குக் காலையிலேயே தெரியும். அதனால் பின்னேரம் முழுவதும் குசினிப் பக்கத்துச் சீமெந்துத் தரையிலேயே நின்றுகொண்டேன். படலைக்கு வந்ததும் மதிலோர நடைபாதையால்தான், ஒரு அடிகூட அந்தப் புல்லில் வைக்கவில்லை. அதை இன்னொருவருக்கும் சொல்லவுமில்லை.

அன்ரி முதன்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்து என் காலைப் பேசினுக்குள் வைத்தார். அத்தனை பேரின் கால் கழுவிய தண்ணீர் அது, கடும் பச்சையாக இருந்தது. வெளியே எடுத்தபோது என் காலும் மற்றவர்களின் கால் மாதிரியே ஆகியிருந்தது. அவர் சவர்க்காரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.